மக்னீசியமும் அமிலமும்: அளவை மாற்றினால் வேகம் மாறுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது எப்படி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரெக்கார்டு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். 3 செ.மீ. மக்னீசியம் நாடா 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைய 88 வினாடி என்று எழுதியிருந்தான் அந்த மாணவன். அடுத்த வரியில் 6 செ.மீ. நாடாவுக்கு 91 என்று எழுதி, அதை அடித்துவிட்டு மேலே 45 என்று போட்டிருந்தான். ஏன் அடித்தாய் என்று கேட்டேன். "அளவு கூடினா வேகம் கூடணும் இல்லையா மிஸ், நான்தான் தப்பா பார்த்துட்டேன்" என்றான். நானும் 45-க்கு டிக் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மனசு கேட்கவில்லை. நானே செய்து பார்த்தேன். 3 செ.மீ., 6 செ.மீ., 9 செ.மீ. என்று தனித்தனிக் குடுவையில் போட்டேன். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கரைந்து முடிந்தன. அவன் அடித்த எண்தான் உண்மையான எண். மறுநாள் அவனைக் கூப்பிட்டு, நான் டிக் போட்ட 45-ஐ அடித்துவிட்டு 91-ஐத் திரும்ப எழுதச் சொன்னேன். ஏன் அப்படி வந்தது என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தோம். இந்தச் சோதனையை நான் சொல்லிக்கொடுக்கும் விதமே அன்றைக்கு மாறிப்போனது.

குழப்பம் முழுவதும் "அளவு" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. உலோகத்தின் அளவு என்றால் எடை. அமிலத்தின் அளவு என்றால் சிலர் எத்தனை மி.லி. என்று நினைக்கிறார்கள், சிலர் எவ்வளவு வீரியமான அமிலம் என்று, அதாவது செறிவு என்று நினைக்கிறார்கள். இந்த மூன்றும் வினையில் வேறு வேறு வேலை செய்கின்றன. மூன்றையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்காமல் "அளவு கூடினால் வேகம் கூடும்" என்று எழுதினால் அது பாதி மட்டுமே சரி. எப்படித் தனித்தனியாக மாற்றுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் கண்ணும் கையும்

பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. குமிழி வெடிக்கும்போது அமிலம் பொடிப்பொடியாகத் தெறிக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, கண்ணில் பட்டால்தான் தெரியும். ஆய்வகத்தில், விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுமார் 12 மோலார். அதை மாணவர்கள் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆய்வக உதவியாளர் 2 மோலாருக்கு நீர்த்துத் தரட்டும், மற்றதை அதிலிருந்து நீங்கள் தயாரித்துக்கொள்ளலாம். எப்போதும் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் அமிலத்தை விட வேண்டும்.

வெளிவருவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் தீப்பிடிக்கும். பக்கத்தில் சுடர் எதுவும் எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வாயு போக வழியில்லாமல் எந்தக் குடுவையையும் அடைக்கக் கூடாது. மக்னீசியத் தூள் வேண்டாம், நாடா மட்டும் போதும். தூளை அமிலத்தில் போட்டால் நுரைத்துப் பொங்கி வெளியே வந்துவிடும்.

நாடாவை எடை போடுவது

3 செ.மீ. நாடாவைத் தராசில் வைத்தால் சாதாரணத் தராசு 0.03 என்றோ 0.04 என்றோ காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு பிழை வந்துவிடும். அதனால் 1 மீட்டர் நாடாவை மொத்தமாக எடை போட்டு 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கிடைக்கும் நாடா 1 செ.மீ.க்கு ஏறக்குறைய 0.01 கிராம் இருக்கும். உங்கள் சுருளுக்கு என்ன வருகிறதோ அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

எடை போடுவதற்கு முன் உப்புத்தாளால் நாடாவைத் தேய்க்க வேண்டும். மேலே படிந்திருக்கும் சாம்பல் நிறம் மக்னீசியம் ஆக்சைடு. அது இருந்தால் ஆக்சைடு கரையும் வரை குமிழி சரியாக வராது, உங்கள் ஸ்டாப்வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளி மாதிரி மின்னும் வரை இரண்டு பக்கமும் தேயுங்கள். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே தேய்ப்பது நல்லது. அலுமினியத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இந்தப் படலம்தான் காரணம். அலுமினியத்தின் ஆக்சைடு படலம் பிடிவாதமானது. நெடுநேரம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று சூடாகிப் பொங்கும். வேகத்தை அளக்க அது உதவாது.

இனி ஒரு சின்னக் கணக்கு. 3 செ.மீ. நாடா 0.03 கிராம் என்றால், மக்னீசியத்தின் மோலார் நிறை 24.3 கிராம் என்பதால், நம்மிடம் இருப்பது 0.00123 மோல். ஒரு மோல் மக்னீசியத்துக்கு இரண்டு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவை. ஆக, செலவாகும் அமிலம் சுமார் 0.0025 மோல். 1 மோலார் அமிலம் 50 மி.லி. எடுத்தால் அதில் 0.05 மோல் இருக்கிறது. தேவையைப் போல இருபது மடங்கு. வினை முடியும்போது அமிலத்தின் செறிவு 1-லிருந்து 0.95-க்குத்தான் இறங்கியிருக்கும். அதாவது, தொடக்கம் முதல் முடிவு வரை செறிவு மாறவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். செய்யப்போகும் சோதனை எல்லாவற்றிலும் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். எது முதலில் தீர்ந்துபோகும், மிஞ்சுவது எவ்வளவு மிஞ்சும் என்று தெரியாமல் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துவதில் பயனில்லை.

வாயுவைப் பிடிப்பது

"கரைந்து மறைய எவ்வளவு நேரம்" என்பது ஒரு அளவீடு. "வினாடிக்கு எத்தனை மி.லி. வாயு" என்பது இன்னொரு அளவீடு. இரண்டும் ஒன்று என்று நினைத்ததால்தான் அந்த மாணவன் 91-ஐ அடித்தான். இரண்டையும் அளக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் மட்டும் வைத்துக்கொண்டு செய்தால் பாதிக் கதைதான் தெரியும்.

250 மி.லி. கூம்புக் குடுவை, ஒற்றைத் துளை ரப்பர் அடைப்பான், அதிலிருந்து ஒரு குழாய், தண்ணீர்த் தொட்டி, அதில் நீர் நிறைத்துக் கவிழ்த்த 100 மி.லி. அளவு ஜாடி. இவ்வளவுதான். வாயுவை அளக்கும் ஊசிக்குழல் இருந்தால் இன்னும் சுலபம். ஹைட்ரஜன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் நீருக்கு மேல் பிடிப்பதில் பெரிய இழப்பு இல்லை. ஜாடிக்குள் முதலில் வருவது குடுவையில் இருந்த காற்றுதானே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், ஆனால் எவ்வளவு ஹைட்ரஜன் உண்டாகிறதோ அவ்வளவு காற்று வெளியே தள்ளப்படுகிறது. கன அளவு ஒன்றுதான்.

சிக்கல் எங்கே வரும் என்றால், நாடாவைப் போட்டுவிட்டு அடைப்பானைச் செருகும் அந்த இரண்டு மூன்று வினாடியில். வேகம் அதிகமாக இருக்கும் தொடக்கத்திலேயே வாயு தப்பிவிடும். நான் செய்வது இது: அமிலத்தை ஊற்றிய பிறகு குடுவையைச் சாய்த்துப் பிடிப்பேன். அதன் கழுத்தின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்து, உலர்ந்த இடத்தில் நாடாவைப் படுக்கவைப்பேன். அடைப்பானை இறுக்கியதும் குடுவையை நிமிர்த்தினால் நாடா அமிலத்தில் விழும். அந்த நொடியில் ஸ்டாப்வாட்ச். இருவர் இருந்தால் ஒருவர் ஐந்து வினாடிக்கு ஒருமுறை "இப்போ" என்று சொல்ல, மற்றவர் ஜாடியைப் பார்த்து எண்ணைச் சொல்லலாம்.

நாடா மேலே மிதக்கும். குமிழிகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து குடுவைச் சுவரில் ஒட்டவைக்கும். ஒட்டிய பகுதி கரையாமல் நிற்கும். அதனால் குடுவையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லாச் சோதனையிலும் ஒரே கதியில். ஒருமுறை ஒரு குழு, நாடா மிதக்காமலிருக்கச் செம்புக் கம்பியைச் சுற்றிப் போட்டார்கள். நல்ல யோசனை மாதிரிதான் தோன்றும். ஆனால் மக்னீசியமும் செம்பும் தொட்டுக்கொண்டு அமிலத்தில் இருந்தால் அது ஒரு மின்கலம். குமிழி செம்பின் மேலிருந்தும் வரத் தொடங்கும், வேகமும் கூடிவிடும். அவர்கள் செம்பின் மேல் குமிழி வருவதைப் பார்த்து, செம்பு அமிலத்தில் கரைகிறது என்று எழுதிவிட்டார்கள். செம்பு கரையவில்லை; மக்னீசியம் விட்ட எலக்ட்ரான்களைக் கடத்தி, ஹைட்ரஜன் உண்டாக இடம் மட்டும் கொடுத்தது. அமிழ்த்த வேண்டுமென்றால் பருத்தி நூலில் கட்டிய சின்னக் கண்ணாடித் துண்டு போதும்.

அமிலத்தின் மி.லி.யை மட்டும் மாற்றுவது

இதை முதலில் செய்யச் சொல்வேன். 1 மோலார் அமிலம் 25, 50, 100 மி.லி. என்று மூன்று குடுவையில். மூன்றிலும் 3 செ.மீ. நாடா. செய்வதற்கு முன், எது முதலில் முடியும் என்று நோட்டில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அதிக அமிலம் இருப்பதால் 100 மி.லி.தான் முந்தும் என்று நிறையப் பேர் எழுதுவார்கள்.

முந்தாது. மூன்றும் அருகருகே முடியும். நாடாவைத் தொடக்கூடிய தூரத்தில் இருக்கும் அமிலம்தான் வினை செய்யும். குடுவையின் அடுத்த மூலையில் இருக்கும் அமிலத்துக்கு இந்த நாடா இருப்பதே தெரியாது. மேற்பரப்பில் வந்து மோதும் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் கேள்வி. மொத்தம் எத்தனை என்பது அல்ல.

கவனமாக அளந்தால் ஒரு விநோதம் தெரியும். 25 மி.லி. குடுவை சற்று முந்தும். குறைந்த அமிலம் வேகமாக வினை செய்கிறது என்று எழுதிவிடாதீர்கள். வெப்பமானியை உள்ளே விட்டுப் பாருங்கள். ஒரு மோல் மக்னீசியம் கரையும்போது சுமார் 467 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. நம் 3 செ.மீ. நாடா 576 ஜூல் அளவுக்குக் கொடுக்கும். 100 மி.லி.யை அது 1.4 டிகிரி செல்சியஸ்தான் உயர்த்தும், 25 மி.லி.யை 5.5 டிகிரி உயர்த்திவிடும். 10 மி.லி. எடுத்தால் ஏறக்குறைய 14 டிகிரி. வெப்பநிலை கூடினால் வேகம் கூடும் என்பது தெரிந்ததே. நாம் கன அளவை மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வெப்பநிலையையும் சேர்த்து மாற்றிவிட்டோம். 10 மி.லி.யில் இன்னொரு தொல்லையும் உண்டு: அமிலத்தில் கால்பங்கு செலவாகிவிடுவதால் செறிவு இறங்கிக்கொண்டே வரும். ஒன்று வேகத்தைக் கூட்ட, ஒன்று குறைக்க, கடைசியில் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

அதனால் இனி வரும் சோதனைகளில் எப்போதும் 100 மி.லி. அமிலம் எடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலையை எழுதுங்கள்.

உலோகத்தின் அளவை மட்டும் மாற்றுவது

இதுதான் எனக்கு நெருக்கமான பகுதி. 1 மோலார் அமிலம் 100 மி.லி.; நாடா 3, 6, 9 செ.மீ. அந்தப் பழைய நோட்டின் எண்களையே எடுத்துக்கொள்வோம். 3 செ.மீ.க்கு 88 வினாடி, கிடைக்கும் வாயு 30 மி.லி. அளவில். சராசரியாக வினாடிக்கு 0.34 மி.லி. 6 செ.மீ.க்கு 91 வினாடி, வாயு 60 மி.லி. அளவில். வினாடிக்கு 0.66 மி.லி. கரையும் நேரம் மாறவில்லை. வாயு வரும் வேகம் இரட்டிப்பாகிவிட்டது.

ஏன் என்று புரிய, ஒரு துண்டு நாடாவைக் கையில் எடுத்து விளிம்பிலிருந்து பாருங்கள். அகலம் சுமார் 3 மி.மீ. தடிமன் சுமார் 0.2 மி.மீ. அமிலம் இரண்டு பக்கத்திலிருந்தும் அரித்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் 0.1 மி.மீ. அரித்தால் நடுவில் சந்தித்துவிடும், நாடா மறைந்துவிடும். நீளம் 3 செ.மீ.யாக இருந்தாலும் 9 செ.மீ.யாக இருந்தாலும் அரிக்க வேண்டிய ஆழம் அதே 0.1 மி.மீ.தான். ஆகவே மறையும் நேரத்தைத் தீர்மானிப்பது தடிமன், நீளம் அல்ல. ஆனால் நீளம் இரட்டிப்பானால் அமிலம் தொடும் பரப்பும் இரட்டிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு இடத்தில் குமிழி கிளம்புகிறது.

எடை கூடியதால் வேகம் கூடவில்லை, பரப்பு கூடியதால் கூடியது. இதை நிரூபிக்க ஒரு வழி: 9 செ.மீ. நாடாவை மூன்றாக மடித்து, இடுக்கியால் அழுத்தித் தட்டையாக்கிப் போடுங்கள். எடை மாறவில்லை. தொடக்கத்தில் வாயு வரும் வேகம் குறையும், கரையும் நேரமும் நீளும், மடிப்புக்குள் அமிலம் புகச் சிரமப்படும் வரை. இன்னொரு வழி: 3 செ.மீ. நாடாவைக் கத்தரித்துப் பத்துத் துண்டாக்குங்கள். வேகம் பத்து மடங்கு ஆகிவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். கிட்டத்தட்ட ஒன்றும் மாறாது. வெட்டிய இடத்தில் புதிதாகக் கிடைத்த பரப்பு தலைமுடி அளவு விளிம்பு மட்டுமே. இரண்டு அகன்ற முகங்கள் முன்பே திறந்துதான் இருந்தன. "சிறு துண்டாக்கினால் வேகம் கூடும்" என்பதை மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கு இந்தச் சோதனையை அவசியம் செய்துகாட்டுங்கள். கட்டியை உடைத்தால் கூடும். ஏற்கெனவே தகடாக இருப்பதை நறுக்கினால் அவ்வளவாகக் கூடாது.

செறிவை மட்டும் மாற்றுவது

நாடா 3 செ.மீ., மொத்தக் கன அளவு 100 மி.லி. 2 மோலார் அமிலத்தை 100, 75, 50, 25 மி.லி. எடுத்து, மீதிக்குத் தண்ணீர் சேர்த்தால் 2, 1.5, 1, 0.5 மோலார் கிடைக்கும். தயாரித்ததும் அரை மணி நேரம் மேசையிலேயே வைத்து, எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும். இந்த அரை மணியைச் சேமிக்கப் பார்ப்பவர்கள் பிறகு இரண்டு மணி நேரம் வரைபடத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

2 மோலாரில் கண் இமைப்பதற்குள் பால் மாதிரி குமிழி கிளம்பும், நாடா அங்குமிங்கும் ஓடும், அரை நிமிடத்துக்குள் காணாமல் போய்விடக்கூடும். 0.5 மோலாரில் குமிழிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல இருக்கும்; சில நிமிடங்கள் இழுக்கும். நான்கிலும் கடைசியில் ஜாடியில் இருக்கும் வாயு ஒன்றேதான், 30 மி.லி. அளவு. உலோகம்தானே முதலில் தீர்ந்துபோகிறது. எவ்வளவு வாயு என்பதை அது முடிவு செய்கிறது. எவ்வளவு வேகம் என்பதைச் செறிவு முடிவு செய்கிறது. இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரு மாணவர் தன் வரைபடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டால் எனக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

வரைபடத்தில் நேரத்தைக் கிடையாகவும் வாயுவைச் செங்குத்தாகவும் வையுங்கள். நான்கு கோடுகள் நான்கு சாய்வில் ஏறி, ஒரே உயரத்தில் படுத்துவிடும். நாடாவின் பரப்பு கடைசி வரை அதிகம் குறையாததால் ஏற்றம் ஏறக்குறைய நேர்கோடாகவே இருக்கும். முதல் இரண்டு மூன்று வினாடியை விட்டுவிட்டு, அடுத்த பகுதியின் சாய்வை எடுங்கள். அதுதான் தொடக்க வேகம்.

பிறகு செறிவுக்கு எதிராக அந்தத் தொடக்க வேகத்தை வரையுங்கள். இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: புள்ளிகள் எங்கே விழுகின்றனவோ அங்கே விடுங்கள். ஆதிப்புள்ளியிலிருந்து அழகான நேர்கோடு வர வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. செறிவு கூடக் கூடக் கோடு கொஞ்சம் மேல்நோக்கி வளைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேகமாக வரும் குமிழிகள் தாங்களே அமிலத்தைக் கலக்கிவிடுகின்றன, நாடாவை ஒட்டிய மெல்லிய அடுக்கு மற்ற இடத்தைவிடச் சூடாகிறது. இதெல்லாம் உங்கள் குடுவையில் உண்மையிலேயே நடப்பவை. எழுதுங்கள். அடிக்காதீர்கள்.

நார்வே விஞ்ஞானிகளான குல்ட்பெர்க்கும் வோகேயும், வினையின் வேகத்தை வினைபுரியும் பொருள்களின் அளவோடு இணைக்கும் நிறைத்தாக்க விதியை 1864-இல் முன்வைத்தபோது அவர்களுக்கும் இதே பிரிப்பு தேவைப்பட்டது. பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கன அளவுக்குள் இருக்கும் அந்த அளவைத்தான் பிறகு செயல்படு நிறை என்றார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் அந்தச் சொல்லுக்குப் பின்னால், நம் மாணவனைக் குழப்பிய அதே கேள்வி இருக்கிறது.

அமிலம் ஒன்றே, நெருக்கம் வேறு

நேரம் இருப்பவர்கள் இதையும் செய்யுங்கள். இதுவரை உலோகம் முதலில் தீர்ந்தது. இப்போது அமிலம் முதலில் தீரட்டும். இரண்டு பெரிய சோதனைக்குழாய்களில் தலா 2 கிராம் துத்தநாகத் துணுக்குகள், கூடியவரை ஒரே அளவுள்ளவையாகப் பொறுக்கிப் போடுங்கள். ஒன்றில் 0.5 மோலார் அமிலம் 10 மி.லி., மற்றதில் 0.25 மோலார் 20 மி.லி. இரண்டிலும் இருக்கும் அமிலம் 0.005 மோல்தான். இரண்டிலும் துணுக்குகள் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். துத்தநாகம் சோம்பலாக இருந்தால் இரண்டு சொட்டு தாமிர சல்பேட் கரைசல் விடலாம்; ஒன்றில் விட்டால் மற்றதிலும் அதே இரண்டு சொட்டு.

இரண்டும் முடிவில் 60 மி.லி. அளவு ஹைட்ரஜனைத் தரும். செறிவு அதிகமானது முன்னே ஓடும், மற்றது பின்னால் நிதானமாக வந்து சேரும். மொத்த அமிலம் ஒன்றாக இருந்தும் வேகம் வேறு. இந்த வரைபடம் நாடாவின் வரைபடம் போல நேராக ஏறாது, வளைந்துகொண்டே தணியும். அமிலம் செலவாகச் செலவாகச் செறிவு இறங்குகிறது, செறிவு இறங்க இறங்க வேகம் குறைகிறது. கடைசிச் சில மி.லி.க்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டு ஜாடியை எடுத்துவிடாதீர்கள்.

அசிட்டிக் அமிலத்தையும் விட்டுவிட வேண்டாம். 1 மோலார் அசிட்டிக் அமிலம் 100 மி.லி.யில் 3 செ.மீ. நாடாவைப் போட்டால், அதே 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிட மிக மெதுவாகப் போகும். அசிட்டிக் அமில மூலக்கூறுகளில் 0.5 சதவீதத்துக்கும் குறைவானவைதான் அயனியாகப் பிரிந்திருக்கின்றன. பிரிந்தவை செலவானதும் மற்றவை பிரிந்து அந்த இடத்துக்கு வரும், அதனால் வினை நின்றுவிடாது. கடைசியில் அதே 30 மி.லி. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் செறிவும், மேற்பரப்பை வந்து தொடும் ஹைட்ரஜன் அயனியின் செறிவும் ஒன்றல்ல என்பது இங்கே கண்ணெதிரே தெரியும். ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் 1766-இல் துத்தநாகத்தைக் கந்தக அமிலத்திலும் உப்பு அமிலத்திலும் கரைத்து, எதில் கரைத்தாலும் ஒரே அளவு எரியும் காற்று, அதாவது ஹைட்ரஜன், கிடைப்பதைக் கண்டார். அமிலம் மாறினாலும் மொத்தம் மாறவில்லை, உலோகம் ஒன்றே என்பதால்.

நோட்டில் எழுதும்போது ஒவ்வொரு சோதனைக்கும் ஆறு விஷயங்கள் இருக்கட்டும்: நாடாவின் நீளமும் எடையும், அமிலத்தின் செறிவு, கன அளவு, தொடக்க வெப்பநிலை, முடிவு வெப்பநிலை, எது மிஞ்சியது. நேரமும் வாயுவும் அதற்குக் கீழே அட்டவணையாக. ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். மூன்றில் ஒன்று விலகி நின்றால் அதை மறைக்காமல், அன்று என்ன வித்தியாசமாக நடந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். "நாடா சுவரில் ஒட்டியது", "சுழற்ற மறந்தேன்" என்ற மாதிரி இரண்டு வார்த்தை போதும்.

முடிந்ததும் மிஞ்சிய அமிலத்தை நிறையத் தண்ணீர் சேர்த்து ஊற்றிவிடலாம். துத்தநாகத் துணுக்குகளைக் கழுவி, உலர்த்தி, அதற்கென்று வைத்திருக்கும் பாத்திரத்தில் போடுங்கள். அவற்றை அமில ஈரத்தோடு மூடியுள்ள டப்பாவிலோ குப்பைத் தொட்டியிலோ போட்டுவிடாதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் வந்துகொண்டேதான் இருக்கும்.